மூன்று சபையும் ஒரே கூடாரத்தில் ஜெபிக்கலாமா?

பால்மரத்தான்:
போன மாதம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருபது வயதுப் பையன் ஒருவன் அடிதடியில் இறந்துபோனான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டில் இது புதிதில்லை. அம்மா கத்தோலிக்கர், அப்பா மெதடிஸ்ட், அண்ணன் பெந்தெகொஸ்தே. இழவு வீட்டில் மூன்று சபையாரும் முறை வைத்து ஜெபித்தார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். பாதிப் பேர் ‘பிதாவே’, பாதிப் பேர் ‘தந்தையே’. அதுகூடப் பரவாயில்லை. தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்டதோடு கத்தோலிக்கர்கள் ஆமென் சொல்லி நிறுத்த, மற்றவர்கள் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று தொடர்ந்தார்கள். பெட்டியின் மேல் கவிழ்ந்திருந்த அம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். குரல்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து நின்றுவிட்டன.

குண்டர் கும்பல், சம்சு என்கிற மலிவுச் சாராயம், ஆலோங் என்கிற வட்டி முதலைகளின் கடன் எல்லாமே ஆவிக்குரிய போராட்டம்தான் என்று மூன்று இடத்திலும் பிரசங்கம் கேட்கிறோம். அப்புறம் மாதம் ஒரு நாள் சேர்ந்து உபவாச ஜெபம் வைத்தால் என்ன?

கூர்வாள்77:
தம்பி, அந்தக் குடும்பத்துக்காக நானும் அழுதேன். ஆனால் கூடாரம் ஒன்றானால் சத்தியம் ஒன்றாகிவிடாது. வேறு சுவிசேஷம் சொல்பவன் வானத்துத் தூதனே ஆனாலும் சபிக்கப்பட்டவன் என்கிறார் பவுல், கலாத்தியர் 1:8. சொரூபத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களோடு நின்று பிசாசை எதிர்க்கச் சொல்கிறீர்கள். அவன் உள்ளே நுழைவதே அந்த வாசல் வழியாகத்தான்.

செபமாலை அக்கா:
மெழுகுவத்தி விற்கிற கடைக்காரர் உங்கள் சபைக்காரர்தான், தம்பி. சரி, அதை விடுங்கள். எங்கள் பங்கிலிருந்து இரண்டு வருடத்தில் ஐந்து குடும்பம் உங்கள் பெந்தெகொஸ்தே பக்கம் வந்தது. கோயிலுக்கே வராத ஒருவரையாவது கூட்டி வந்தீர்களா? குழந்தையில் திருமுழுக்கு வாங்கியவர்களை மறுபடி தண்ணீரில் முக்கினீர்கள். இதற்குப் பெயர் ஊழியமா, ஆடு திருட்டா?

கூர்வாள்77:
பசித்த ஆடு புல் இருக்கிற இடத்துக்குப் போகும், அக்கா.

கிராணி தாத்தா:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். இந்தப் பிரிவினையை நாம் இங்கே நட்டு வளர்க்கவில்லை. பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் ஒரு பக்கம், 1885இல் சிங்கப்பூரில் ஓல்டம் தொடங்கிய மெதடிஸ்ட் மிஷன் ஒரு பக்கம், 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு போட்ட லூத்தரன் விதை இன்னொரு பக்கம். தோட்டத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு, ஞாயிற்றுக்கிழமை வேறு வேறு வாசல். ஆனால் 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனதே. நம் ஆட்களால் முடியாத காரியமில்லை.

கூர்வாள்77:
ஐயா, லூத்தரன்கள் அதில் சேரவில்லை. கத்தோலிக்கர்களும் இல்லை. ஏன் என்றும் சொல்லுங்கள்.

கிராணி தாத்தா:
நியாயமான கேள்வி. உபதேசம்தான் காரணம். அதை நான் மறைக்கவில்லை. ஒரே சபையாகச் சொல்லி நானும் கேட்கவில்லை, ஒரு மணி நேரம் சேர்ந்து முழங்காலில் நில்லுங்கள் என்கிறேன். கத்தோலிக்க ஆயர்கள், மெதடிஸ்ட் போன்ற சபைகளின் மன்றம், உங்கள் சுவிசேஷ சபைகள், மூன்று தரப்பும் மலேசியக் கிறிஸ்தவச் சம்மேளனத்தில் எண்பதுகளிலிருந்தே ஒன்றாக உட்காருகிறார்கள். கோலாலம்பூரில் பெரியவர்களுக்கு ஒரே மேசை, இங்கே நமக்கு ஒரு கூடாரம் கிடையாதா?

முனியாண்டி கோயில் தெரு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் இந்து. ‘ஆவிக்குரிய போராட்டம்’ என்று நீங்கள் சொல்வது எங்கள் கோயிலையா? போன வருடம் ஒரு கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அப்படித்தான் கேட்டது. அந்தப் பையனின் பெட்டியைத் தூக்கியதில் இரண்டு பேர் எங்கள் தெரு.

செபமாலை அக்கா:
தம்பி, வெட்கமாக இருக்கிறது. எபேசியர் 6:12 அதற்கு நேர்மாறாகத்தான் சொல்கிறது, நம் போராட்டம் மனிதர்களோடு அல்ல என்று. அதே வசனத்தை மனிதர்கள் மேல் திருப்புவதில் மட்டும் எங்கள் மூன்று சபைக்கும் ஒற்றுமை அதிகம்.

கூர்வாள்77:
நான் யாரையும் எதிரி என்று சொல்லவில்லை. விக்கிரகத்தை விக்கிரகம் என்றுதான் சொல்வேன், அதை விட மாட்டேன். ஆனால் ஒலிபெருக்கி தப்பு. அந்தக் கூட்டம் எங்களுடையதுதான்.

பால்மரத்தான்:
அப்போது ஜெபத்துக்கு வருவீர்களா, அண்ணே? முதல் சனிக்கிழமை, ஏழரை மணிக்கு, பையன் வீட்டு முன்னால். அம்மாவே கேட்டார்.

கூர்வாள்77:
பாஸ்டரிடம் கேட்காமல் வாக்குக் கொடுக்க முடியாது. அங்கே செபமாலை ஜெபம் சொல்வதாக இருந்தால் நான் வெளியே நிற்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செபமாலை அக்கா:
சொல்லவில்லை. எனக்கு மனசு இல்லைதான், ஆனாலும் சொல்லவில்லை.

கூர்வாள்77:
எங்களிடம் பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது இருக்கிறது. லாரி நீங்கள் பிடியுங்கள்.