புதுப்பிப்பு: கேரவன் குளிர்சாதனப் பெட்டி எரிவாயுவிலும் குளிர்கிறது

திருவையாற்றில் நிறுத்தியிருக்கும் எங்கள் பழைய கேரவனின் குளிர்சாதனப் பெட்டி, வீட்டு மின்சாரத்தில் குளிர்ந்தும் எரிவாயுவில் மட்டும் குளிராதது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன், அது சரியாகிவிட்டது. பெட்டியையே மாற்றிவிடச் சிலர் சொன்னார்கள், அதற்குத் தேவையிருக்கவில்லை. கம்ப்ரசர் இல்லாத இவ்வகைப் பெட்டியில் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்களுக்குள் இருக்க, மின்சாரமோ எரிவாயுச் சுடரோ தரும் வெப்பம்தான் அவற்றை இயக்குகிறது. மின்சாரத்தில் குளிர்ந்ததாலும், கசிவைக் காட்டும் மஞ்சள் கறையோ அம்மோனியா நெடியோ இல்லாததாலும், குழாய்களில் கோளாறில்லை என்று தெரிந்தது.

ஆகவே சிலிண்டரை மூடிவிட்டு, பழக்கமான அடுப்பு மெக்கானிக்கை வைத்துப் பர்னரைக் கழற்றினோம். காற்று நுழையும் துளையைக் குளவி வண்டல் மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. புகைபோக்கியிலிருந்து துருவும் கரியும் செதில் செதிலாக உதிர்ந்தன. பர்னருக்குள் எரிவாயுவைப் பீய்ச்சும் ஜெட்டின் துளை மிக நுண்ணியது என்பதால் அதை ஊசியால் குத்தவே கூடாது. ஆல்கஹாலில் ஊறவைத்து உலர்த்தினோம். மஞ்சளாகத் துடித்த சுடர் இப்போது நீலமாக நின்று எரிகிறது, மறுநாள் காலையில் ஐஸும் கட்டியிருந்தது.

வண்டி சாய்ந்திருந்தால் குழாய்களுக்குள் திரவம் சரியாக வடியாது. மழைக்குப் பின் ஆற்றங்கரை மண் இளகிச் சக்கரம் இறங்குவதால், கீழே பலகை போட்டு ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டே பற்றவைக்கிறோம்.