வெம்பிளி ஸ்டேடியத்தில் ராக் கச்சேரி: ஸ்டாண்டிங்கா, சீட்டா? ஈஸ்ட் ஹாமுக்கு எப்படித் திரும்புவது?

செல்வம்_ஈஸ்ட்ஹாம்:

வணக்கம். லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில் ஜூன் மாதம் ஒரு ராக் கச்சேரி. டிக்கெட் விற்பனை அடுத்த வாரம் தொடங்குகிறது. போகப்போவது மூன்று பேர்: நான், 15 வயது மகன், முட்டிவலி உள்ள என் அக்கா. மூவருக்குமே ஸ்டேடியம் கச்சேரி புதிது.

மகன் மேடைக்கு முன்னால் நின்றுதான் பார்ப்பேன் என்கிறான். அக்காவால் நாலு மணி நேரம் நிற்க முடியாது. எந்த இடத்தில் சத்தம் நன்றாகக் கேட்கும்? எந்த சீட்டை எடுக்கவே கூடாது? இரவு கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் உள்ள வீட்டுக்குத் திரும்ப எது சுலபம்? காதுக்கு ஏதாவது வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒலிப்பலகை:

சத்தத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் கொடுப்பதே அதற்குத்தான். மேடைக்கு மிக அருகில் சத்தம் சிறப்பாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதன்மை ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்கும். முதல் சில வரிசைகளுக்கு அந்தச் சத்தம் தலைக்கு மேலே போய்விடும். அங்கே இருப்பவர்களுக்காக மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைப்பார்கள். ஆனாலும் தடுப்பை ஒட்டி நின்றால் டிரம்ஸும் பாஸும் அமுக்கும், பாடகர் குரல் பின்னால் போய்விடும். அங்கே கிடைப்பது முகங்களைப் பார்க்கும் சந்தோஷம். அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் நல்ல சத்தம் வேறு இடத்தில்.

மைதானத்தின் நடுக்கோட்டில், மேடையை நேராகப் பார்த்தபடி ஒரு கூடாரம் இருக்கும். மிக்ஸர் மேசை அங்கேதான். மொத்த ஒலியையும் கலக்குகிறவர் அங்கே நின்று கேட்டுத்தான் அளவை முடிவு செய்கிறார். அதற்குச் சற்று முன்னாலோ பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளியோ நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம். நெரிசலும் குறைவு.

பின்னால் போகப் போக ஒரு சிக்கல் வரும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேடைச் சத்தம் 0.3 நொடி தாமதமாகத்தான் வரும். அதனால் மைதானத்தின் நடுவில் கோபுரங்கள் கட்டி, அவற்றிலுள்ள ஸ்பீக்கர்களுக்கு அதே அளவு தாமதம் கொடுப்பார்கள். மேடைச் சத்தமும் கோபுரச் சத்தமும் ஒன்றாக வந்து சேரும். அந்தக் கோபுரத்துக்கு நேர் பின்னால் நின்றால் இரும்புச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில் பத்து மீட்டராவது விலகி நில்லுங்கள்.

சீட் விஷயம். வெம்பிளியில் 100 வரிசை பிளாக்குகள் கீழ்த்தட்டு, 200 நடுத்தட்டு, 500 மேல்தட்டு. நான் எடுக்கவே மாட்டேன் என்பது கீழ்த்தட்டின் கடைசி வரிசைகளை. மேலே நடுத்தட்டின் அடிப்பகுதி கூரை மாதிரி மூடியிருக்கும். மேலிருந்து வரும் ஒலி அதில் மறைந்து மந்தமாகும், பெரிய திரைகளின் மேல்பாதியும் தெரியாமல் போகலாம். மேல்தட்டில் பார்வை முழுசாகக் கிடைக்கும். ஆனால் சரிவு செங்குத்து, எதிர்ப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதிகம், ஸ்னேர் டிரம் அடி இரண்டு தடவை கேட்கும். காற்று பலமாக இருந்தால் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஒலி மாதிரியான மேல்சுரங்கள் வந்து வந்து போகும்.

உங்கள் மூவருக்கும் என் யோசனை: மேடைக்கு நேர் பக்கவாட்டில் வேண்டாம். நீளவாக்குப் பக்கத்தில், மிக்ஸர் கூடாரத்துக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும் கீழ்த்தட்டு பிளாக், அதில் நடு வரிசை.

வரிசையில்_நிற்பவர்:

அக்காவை மனதில் வைத்து ஒன்று சேர்க்கிறேன். ராக் கச்சேரியில் சீட் வாங்கியவர்களும் பெரும்பாலும் எழுந்துதான் நிற்பார்கள். உட்கார்ந்தே இருப்பவருக்கு முன்வரிசைக்காரரின் முதுகுதான் தெரியும். முட்டிவலி என்றால், பொது விற்பனையில் மோதுவதற்கு முன் மாற்றுத்திறனாளிகளுக்கும் படியேற முடியாதவர்களுக்குமான தனி முன்பதிவு வழியைப் பாருங்கள். அது பொது விற்பனைப் பக்கத்தில் இருக்காது, தனி எண்ணோ படிவமோ இருக்கும். கிடைக்காவிட்டால் வழிநடை ஓரத்து சீட். பிளாக்கின் உள்வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, ஏறி இறங்கும் படிகள் குறையும்.

வயது விதியையும் இப்போதே படித்துவிடுங்கள். பல கச்சேரிகளில் 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஸ்டாண்டிங்கில் விடுவதில்லை. 16 ஆகாதவரோடு பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வரும். அப்படியென்றால் மகன் மட்டும் ஸ்டாண்டிங், நீங்களும் அக்காவும் சீட் என்று பிரிய முடியாது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இது மாறும்.

விற்பனை நாளன்று: கணக்கில் முன்கூட்டியே நுழைந்து கார்டு விவரத்தைச் சேமித்து வையுங்கள். ஒரே கணக்கில் பல பிரவுசர் டேப் திறந்தால் கணினி உங்களை ரோபோ என்று நினைத்து வெளியே தள்ளும். வரிசை எண் வந்தபிறகு பக்கத்தைப் புதுப்பிக்கக் கூடாது. பட்ஜெட் எவ்வளவு என்பதை முந்தின நாளே மூவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். 2024 ஆகஸ்டு கடைசியில் ஒயாசிஸ் ராக் குழுவின் டிக்கெட் விற்பனையில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். சுமார் 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்கில் வரிசையில் இருந்தவர்கள் கடைசியில் அதே ஸ்டாண்டிங் இடத்துக்கு 355 பவுண்டைப் பார்த்தார்கள், யோசிக்கச் சில நிமிடம்தான். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் அதை விசாரித்தது. 'பிளாட்டினம்' என்ற பெயரில் வரும் டிக்கெட்டையும் கவனியுங்கள். விலைதான் கூடுதல், அதோடு நல்ல இடமோ வேறு சலுகையோ வரும் என்று எண்ணி வாங்காதீர்கள்.

கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். மேடை கட்டி முடிந்ததும், மறைக்கும் என்று பயந்து நிறுத்தி வைத்திருந்த சீட்டுகளைக் கச்சேரிக்குச் சில நாள் முன்பு விடுவிப்பது வழக்கம். மறுவிற்பனைக்கு ட்விக்கெட்ஸ் மாதிரி டிக்கெட்டில் போட்ட விலைக்கு மேல் போகாத தளங்கள் மட்டும். சமூக ஊடகத்தில் 'ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன்' என்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். மொபைல் டிக்கெட்டின் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அதன் படம் வாசலில் வேலை செய்யாது. டிக்கெட்டை வீட்டிலேயே போனின் வாலட்டில் இறக்கிவிடுங்கள். ஸ்டேடியத்துக்கு அருகில் நெட்வொர்க் திணறும்.

வெம்பிளிப்_பொடியன்:

செல்வம் அண்ணை, கார் கொண்டு வாற யோசினை இருந்தால் இப்பவே விட்டிடுங்கோ. நிகழ்ச்சி நாளில சுத்தியுள்ள தெருக்களில இருக்கிற ஆக்களின்ர பெர்மிட் இல்லாமல் விட்டால் தண்டம் நிச்சயம்.

வாறது சுகம், திரும்பிறதுதான் பாடு. முடிஞ்ச உடன எல்லாச் சனமும் ஒலிம்பிக் வே வழியா வெம்பிளி பார்க் ஸ்ரேசனுக்குத்தான் போகும். பொலிஸ் இடையில மறிச்சு மறிச்சு, ஸ்ரேசன் கொள்ளிற அளவுக்குத்தான் விடுவினம். கடைசிப் பாட்டுக்கு முதல் வெளிக்கிடுறதெண்டால் வெளிக்கிடுங்கோ. இல்லாட்டி ஆறுதலா இருந்து அரை முக்கால் மணித்தியாலம் கழிச்சுப் போங்கோ. ரெண்டுக்கும் இடையில போனால்தான் அக்கா நடுச்சனத்துக்குள்ள நிண்டு கால் நோகுறது.

ஈஸ்ட் ஹாமுக்கு நிலத்தடி ரெயினில, அதுதான் ரியூபில, ரெண்டு வழி. ஒண்டு, ஜூபிலி லைனில நேர வெஸ்ட் ஹாம், அங்க டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் மூண்டாவது ஸ்ரேசன் ஈஸ்ட் ஹாம். மற்றது, வெம்பிளி பார்க்கிலயே மெற்றோபொலிற்றன் லைன் எடுங்கோ. அது பிஞ்ச்லி ரோட்டில மட்டும் நிண்டு பேக்கர் ஸ்ட்ரீற் போயிடும். அங்க பார்க்கிங் (Barking) எண்ட ஊர்ப் பக்கம் போற ஹாமர்ஸ்மித் அண்ட் சிற்றி லைனுக்கு மாறுங்கோ, அது ஈஸ்ட் ஹாமில நிக்கும். எந்தப் பிளாட்பாரத்தில சனம் குறைவோ அதில ஏறுங்கோ. வெள்ளி, சனி இரவு ஜூபிலி விடிய விடிய ஓடும், ஆனால் டிஸ்ட்ரிக்ட் ஓடாது. பிந்தினால் வெஸ்ட் ஹாமில இருந்து டக்சிதான். ஞாயிறு தொடக்கம் வியாழன் வரை எண்டால் கடைசி ரெயின் நேரத்தை முதலே பாத்து வையுங்கோ.

வெம்பிளி ஸ்ரேடியம் எண்ட சின்ன ஸ்ரேசனும் இருக்கு. அங்க இருந்து சில்ரேண் (Chiltern) கொம்பனி ரெயின் நடு லண்டனில இருக்கிற மேரிலபோன் ஸ்ரேசனுக்குப் போகப் பத்து நிமிசம் அளவுதான், ஆனால் ரெயின் அடிக்கடி இல்லை. ஸ்ரேடியத்துக்கு ஏறுற ஒலிம்பிக் ஸ்ரெப்ஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில லிப்ற் இருக்கு, அக்காவைப் படி ஏற விடாதேங்கோ.

வேலைநிறுத்தச் செய்தியையும் பாருங்கோ. 2025 செப்ரெம்பரில ரியூப் வேலைநிறுத்தத்தால கோல்ட்பிளே எண்ட பாட்டுக் குழு வெம்பிளியில ரெண்டு நாள் திகதியை மாத்தினவை. சாப்பாடு எண்டால் வர முதலே ஈலிங் ரோட்டில தோசை சாப்பிட்டிட்டு உள்ளுக்குப் போறது காசுக்கும் வயித்துக்கும் நல்லம். உள்ளுக்குக் காசு எடுக்க மாட்டினம், கார்ட் மட்டும்.

செல்வம்_ஈஸ்ட்ஹாம்:

எல்லோருக்கும் நன்றி. சீட் என்று முடிவு. ஆனால் மகன் விடவில்லை. டிக்கெட் நிபந்தனை இடம் கொடுத்தால் நானும் அவனும் ஸ்டாண்டிங், அக்காவும் அவர் தோழியும் சீட் என்று போகலாமா என்று பார்க்கிறோம். முன்தடுப்பு வரை போவது ஆபத்தா?

சுதா_முதலுதவி:

போகலாம், ஆனால் எப்போது வெளியே வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

ஒரு சதுர மீட்டருக்கு 4 பேர் வரை இருந்தால் நெரிசல் தெரியும், ஆனால் திரும்பலாம், நகரலாம். 5 பேரைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் தோள் எல்லாப் பக்கமும் ஒட்டும். 6, 7 ஆகும்போது தனி மனிதரின் கால் முடிவு செய்வதில்லை, கூட்டமே அலையாக நகர்த்தும். இப்படிக் கூட்டத்தில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று இறக்கிறார்கள். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் என்ற ராக் குழு பாடிக்கொண்டிருந்தபோது மேடைமுன் நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். பெரிய கச்சேரிகளில் மைதானத்தைக் குறுக்குத் தடுப்புகளால் பிரிப்பது பின்னாலிருந்து வரும் தள்ளு முழுவதும் முன்வரிசையில் இறங்காமல் இருக்கத்தான்.

உங்கள் மகனுக்குச் சொல்லித்தர வேண்டியது: கைகளைக் கீழே தொங்கவிடக் கூடாது. குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு முழங்கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் மூச்சுக்கு இடம் இருக்கும். தள்ளு வரும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதோடு போய், அது தளரும் நொடியில் மூலைவாட்டில் ஓரத்தை நோக்கி ஓர் அடி, அடுத்த தளர்வில் இன்னோர் அடி. போன் விழுந்தால் குனியக் கூடாது. தோள் இரண்டையும் சுற்றி யாரோ ஒட்டியிருக்கிறார்கள், கையை உயர்த்தி இறக்க முடியவில்லை என்றால் அதுவே கிளம்ப வேண்டிய நேரம். முன்தடுப்பில் மாட்டிக்கொண்டால் தடுப்புக்கு அப்பால் நிற்கும் பாதுகாவலரைப் பார்த்துக் கையை ஆட்டுங்கள். மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிடுவது அவர்களுக்குப் பழகிய வேலை.

நெரிசலைவிட அதிகம் பார்ப்பது மயக்கம். காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்தால் தலை சுற்றும். முழங்காலைச் சற்று மடக்கியே நிற்கவும், குதிகாலை அடிக்கடி உயர்த்தி இறக்கவும். கண் இருண்டால் அங்கேயே உட்காராமல் முதலில் ஓரத்துக்கு வாருங்கள், பிறகு உட்காருங்கள். தண்ணீருக்காகக் காசு செலவழிக்க வேண்டாம்: மது விற்க உரிமம் பெற்ற இடத்தில் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் உரிம நிபந்தனை, கேட்டு வாங்குங்கள்.

சீட்டுகளுக்கு மேல் கூரை உண்டு, மைதானத்துக்கு நடுவில் இல்லை. மழையென்றால் ஸ்டாண்டிங்கில் நனைவீர்கள். குடையை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது, மெல்லிய மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பை ஏ4 தாளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. புல்லின் மேல் கடினமான பிளாஸ்டிக் தளம் விரிப்பார்கள், தட்டையான செருப்பு வேண்டவே வேண்டாம், தடித்த அடிப்பகுதி உள்ள ஷூ போடுங்கள்.

ஒலிப்பலகை:

காது பற்றி யாரும் சொல்லவில்லை, அது எல்லாவற்றையும்விட அவசரம். அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த வரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் பரிந்துரைக்கும் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கச்சேரியோ இரண்டரை மணி நேரம்.

மருந்துக்கடை நுரை அடைப்பான் பாதுகாக்கும், ஆனால் மேல்சுரங்களை அதிகம் வெட்டி இசையைப் போர்வைக்குள் கேட்பது போல ஆக்கிவிடும். 'மியூசிக்' என்று விற்கும் வடிகட்டி உள்ள சிலிகான் அடைப்பான் எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், 15 முதல் 20 டெசிபல் குறைப்பு எழுதியதாக வாங்குங்கள். குரல்கூட இன்னும் தெளிவாகக் கேட்கும். நுரைதான் கிடைத்தது என்றால் மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால் அது அடைப்பானே இல்லை.

முதல் குழு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். காது 'கும்' என்ற பிறகு போடுவதில் பயன் குறைவு. மறுநாளும் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் உங்கள் குடும்ப டாக்டரை (ஜி.பி.) பாருங்கள். மகனுக்கு ஒரு ஜோடி கூடுதலாக உங்கள் பையில் இருக்கட்டும், குதிக்கும்போது ஒன்று கட்டாயம் விழும்.