ட்யூப் டெஸ்ட் எடுத்த அன்று கேட்ட அந்த 'ம்'

கருநொச்சி:
ஹெச்.எஸ்.ஜி, அதான் கர்ப்பப்பைக்குள் சாயம் விட்டுக் கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது, எடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படுத்திருந்த இடத்திலிருந்தே ஸ்கிரீன் தெரிந்தது. சாயம் ஏற ஏறக் கர்ப்பப்பை முக்கோணமாக நிறைந்தது, இரண்டு மூலையிலும் அப்படியே நின்றுவிட்டது. எடுத்தவர் "ம்" என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ரிப்போர்ட்டில் இரு பக்கமும் கார்னுவல் பிளாக், அதாவது குழாய் கர்ப்பப்பையில் தொடங்கும் மூலையிலேயே அடைப்பு. ஐந்து மாதம் அந்தக் காகிதத்தோடுதான் குடித்தனம். அப்புறம் வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவில் பார்க்கும் லேப்ராஸ்கோபியில் நீலச் சாயம் விட்டால் இரண்டு குழாயிலும் தாராளமாக வழிகிறது! அன்றைக்குத் தசை இறுகி வாயை மூடியிருக்கும், ஸ்பாசம் என்றார் டாக்டர். அப்படியும் இருக்கலாம் என்று அன்றே ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன?

மஞ்சள்வெயில்:
உங்களுக்கு நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். ஆனால் படிப்பவர்கள் எல்லோரும் "நமக்கும் ஸ்பாசம்தான்" என்று இருந்துவிடப் போகிறார்கள். எனக்கு நேர்மாறு. "இரு பக்கமும் ஃப்ரீ ஸ்பில்", சாயம் தடையில்லாமல் வழிகிறது என்று வந்த அன்று ஸ்வீட் வாங்கினோம். இரண்டு வருடம் ஒன்றுமில்லை. திறந்து பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), குழாயைச் சுற்றி ஒட்டல்கள். சாயம் வழிந்தால் வழி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். முட்டையை வாங்கிக்கொள்ளக் குழாயின் நுனி அசைகிறதா, உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் வேலை செய்கின்றனவா என்பதெல்லாம் அந்தப் படத்தில் வராது.

தனிமரம்:
எனக்கு ஹைட்ரோசால்பிங்ஸ். வலது குழாய் நுனியில் அடைத்து, நீர் கோத்து வீங்கி, படத்தில் சுரைக்காய் மாதிரி இருந்தது. ஐவிஎஃப்-க்கு முன்னால் குழாயையே எடுக்க வேண்டும் என்றார்கள். குழந்தைக்காக வந்தவளிடம் உறுப்பை எடுக்கிறேன் என்கிறார்களே என்று டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்தால் கரு ஒட்டாது, வெற்றி வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகும் என்று அவர் இரண்டாவது முறை படம் வரைந்து காட்டியபோதுதான் புரிந்தது. எடுத்தாயிற்று. அந்தச் சுரைக்காய் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீலக்குடை:
தோழிகளே, டெஸ்ட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவரும் முன் எடுக்க வேண்டும். பெரும்பாலும் 6-லிருந்து 10-ஆம் நாளுக்குள். கர்ப்பமாக இருக்கச் சிறு சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையை முன்னதாகவே போடலாமா என்று கேளுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரு குழாய் திறந்திருந்தாலும் இயற்கையாகத் தங்கலாம். எதிர்ப்பக்கத்து முட்டையைக்கூட அது வாங்கிக்கொள்வதுண்டு. குழாய் சேதமானவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கும் ஆபத்து அதிகம், அதனால் நாள் தள்ளினால் உடனே ஸ்கேன். சாயத்திலும் எண்ணெய், நீர் என்று இரண்டு வகை. 2017-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 1,119 பெண்கள். ஆறு மாதத்துக்குள் கருத்தரித்து அது தொடர்ந்தவர்கள் எண்ணெய்ச் சாயத்தில் 39.7%, நீர்ச் சாயத்தில் 29.1%. எண்ணெய்ச் சாயத்தில் அயோடின் அதிகம், தைராய்டு இருப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். என் கதையா? இரண்டும் திறந்திருந்தது, மூன்று நிமிடத்தில் முடிந்தது.

மஞ்சள்வெயில்:
மூன்று நிமிடத்தில் முடிந்தவர் எங்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள். "திறந்திருந்தது" என்பதை நம்பித்தான் என் இரண்டு வருடம் போனது.

நீலக்குடை:
மன்னிக்கணும் அக்கா, அப்படி நினைத்து எழுதவில்லை.

கருநொச்சி:
நீலக்குடை எழுதியது எல்லாம் உபயோகம்தான், சண்டை வேண்டாம். யாருக்காவது தெரிந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் கடைசி வரியாகச் சின்ன எழுத்தில் "மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று இருந்தது. அந்த 'ம்' என்பதற்கு இதுதான் அர்த்தமா?