எடுக்கப்படாத அழைப்புகள்

குழு: ஆடுதுறை வீட்டார்

கவிதா (நியூஜெர்சி): பெரியப்பா, நேற்று மாலை டெக்சஸ் மாநிலத் தேர்தல் கருத்துக்கணிப்புக்காக ஒருவர் என்னை அழைத்தார். நான் அங்கிருந்து குடிபெயர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றதும் நன்றி கூறி வைத்துவிட்டார். என் எண் மட்டும் இன்னும் ஹூஸ்டன் எண்ணாகவே இருக்கிறது.

சேகர் பெரியப்பா: அவர்களுடைய தலைவலிகளில் அதுவும் ஒன்று, அம்மா. லேண்ட்லைன் காலத்தில் எண்ணின் முதல் இலக்கங்களே ஊரைச் சொல்லிவிடும். அவற்றோடு கணினி தற்செயலாகச் சேர்க்கும் இலக்கங்களை அழைத்தால், டைரக்டரியில் பெயர் இல்லாத வீடுகளும் மாதிரிக்குள், அதாவது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுப்போர் பட்டியலுக்குள், வந்துவிடும். 2016 இறுதிக்குள் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை கைப்பேசியை மட்டுமே நம்பியிருந்தன. கைப்பேசிகளை முன் ஒப்புதலின்றித் தானியங்கிக் கருவியால் அழைப்பதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததால், ஆட்களே ஒவ்வோர் எண்ணாக அழுத்த வேண்டியிருந்தது, செலவும் ஏறியது.

முரளி: அப்பா, எங்கள் வயதினர் தெரியாத எண்ணை எடுப்பதே இல்லை. ஆனாலும் கூடுதலாகச் சில ஆயிரம் பேரை அழைத்தால் ஈடுகட்டிவிடலாமே?

சேகர் பெரியப்பா: முடியாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்டோ 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். ப்யூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் பதிலளித்தோர் 1997இல் 36 விழுக்காடு, 2018இல் 6 விழுக்காடு. எடுக்காத 94 பேரும் எடுத்த 6 பேரைப் போலவே நினைப்பவர்கள் என்றால் கவலையில்லை. அப்படித்தானா என்பதை அவர்களிடம் கேட்டறியவும் வழியில்லையே!

லலிதா அத்தை: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், அண்ணா; அடிப்பிடித்த பானையில் மேல்சோற்றை மட்டும் நசுக்கிப் பார்த்தால் என்ன தெரியும்?

சேகர் பெரியப்பா: அதேதான், லலிதா. கல்லூரிப் படிப்பு உள்ளவர்கள் கணிப்புகளுக்கு அதிகம் பதிலளிக்கிறார்கள். 2016 அதிபர் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் அந்த மிகையை, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்குக்கேற்பக் குறைத்துச் சரிசெய்யவில்லை. 2020இல் பெரும்பாலானோர் சரிசெய்தும், தேசிய அளவில் நாற்பது ஆண்டுகளில் காணாத பிழை நேர்ந்தது. ஒரே வயது, ஒரே படிப்பு உடையவர்களிலும் பதிலளிப்பவர் ஒரு மனப்போக்கினர், மறுப்பவர் வேறு மனப்போக்கினர் என்ற ஐயம் அதன் பிறகு வலுத்தது. அந்த வேறுபாட்டை எந்த மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு சரிசெய்வது?

முரளி: அப்படியானால் இனி எப்படித்தான் கேட்பார்கள்?

சேகர் பெரியப்பா: வீட்டு முகவரிகளிலிருந்து தற்செயலாகத் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பி, இசைந்தவர்களிடம் இணையத்தில் தொடர்ந்து கேட்கிறார்கள். முகவரி ஊர் மாறாது என்பதால் கவிதாவின் சிக்கல் இதில் எழாது. பதிலளிக்கத் தூண்டுவதற்காகச் சிறு தொகையும் உறைக்குள் வைப்பதுண்டு.

கவிதா (நியூஜெர்சி): ஐயோ பெரியப்பா, சென்ற மாதம் இரண்டு டாலருடன் அப்படியொரு கடிதம் வந்தது. மோசடி என்று எண்ணிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

லலிதா அத்தை: டாலரையுமா கிழித்தாய்?