கையால் வரைந்த சொப்பு சாமானை லேசருக்கும் 3டி பிரிண்டருக்கும் கொண்டுபோவது எப்படி?

அம்பைக்காரன்:
அம்பாசமுத்திரம் மரச் சொப்பு மாதிரி புது செட் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன், இட்லிக் கொப்பரை, ஆட்டுரல், திருகை எல்லாம் உண்டு. பென்சிலில் வளைவு அழகாக வந்துவிட்டது. ஆனால் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் போட்டால் (படத்தைத் தானாகக் கோடாக மாற்றுவது) ஒவ்வொரு கோடும் இரண்டாகிறது, லேசர் கடையில் இதை வெட்ட முடியாது என்கிறார்கள். பேசாமல் எல்லாவற்றையும் 3டி பிரிண்ட் எடுத்துவிடலாமா?

பாளை வரைகலை:
சாதாரண ட்ரேஸ் பென்சில் கோட்டை ஒரு பட்டையாகத்தான் பார்க்கும், இரண்டு ஓரத்தையும் எடுத்துவிடும். நடுக்கோட்டை மட்டும் எடுக்கிற சென்டர்லைன் ட்ரேஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் எனக்கு அதுவும் பிடிக்காது, கோடு நடுங்கும். ஸ்கேனை அடியில் போட்டுப் பூட்டிவிட்டு மேலே பெசியர் கோட்டால் (புள்ளிகளை வைத்து வளைக்கிற கோடு) நீங்களே ஓட்டுங்கள், புள்ளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. படத்தின் ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்று ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தால் அளவு சரிபார்க்கலாம். போனில் எடுத்த படம் வேண்டாம், கோணிவிடும்.

கடைசல் பட்டறை:
தம்பி, உருண்டைச் சாமானுக்கு முழுப் படம் எதற்கு? நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் வரைந்து, அதன் எதிர் வடிவத்தை 3 மி.மீ. பிளைவுட்டில் லேசரில் வெட்டி வாங்கிக்கோ. கடைசலை நிறுத்திவிட்டு அந்தத் தகட்டை மரத்தோடு வைத்துப் பார்த்தால், முட்டுகிற இடத்தில் இன்னும் சீவ வேண்டும், வெளிச்சம் தெரிகிற இடத்தில் கை வைக்கக் கூடாது. கை வளைவு அப்படியே மரத்துக்கு வந்துவிடும். பிரிண்ட் எடுத்த சாமானுக்கு அரக்கு ஏற்றலாம் என்று மட்டும் நினைக்காதே. சுற்றுகிற மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தும்போது உரசுகிற சூட்டில்தான் அது உருகிப் பிடிக்கிறது, பிரிண்டரில் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக்கோ 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும்.

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி சொல்வதுதான் சரி. ஆனால் பிரிண்டருக்கும் வேலை இருக்கிறது: 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு என்றால், விழுங்கிவிடுகிற அளவா என்று பார்க்கும் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் எந்தத் துண்டும் முழுதாக அடங்கக் கூடாது. அடி சரிவாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. அந்த உருளையை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு வரைய ஆரம்பியுங்கள். கொப்பரை மூடி, திருகைக் கைப்பிடி இரண்டும்தான் சந்தேகம்.

அம்பைக்காரன்:
மூடி தப்பிவிடும் அண்ணே, உள்ளே போவது ஆட்டுரல் குழவிதான். அதைப் பெரிதாக்கினால் உரலின் குழியையும் அகலப்படுத்த வேண்டும், மறுபடி பென்சில்தான். பட்டறை அண்ணாச்சி, குழிக்கு உள்பக்கத் தகடு தனியாக வெட்ட வேண்டுமா?

கடைசல் பட்டறை:
ஆமா, தனித்தனி. வெட்டும்போது பிவிசி ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதே, லேசர் பட்டால் விஷப் புகை.