வாவ் கிளாசிக்: வாரியரா, ரோக்கா? கூட எந்தத் தொழில் எடுக்க?

பாளை_இரவுக்கடை எழுதியது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ங்கற ஆன்லைன் விளையாட்டுல (சுருக்கமா வாவ்) முதல் தடவையா ஒரு ஆளு உருவாக்கப் போறேன். இருக்கிற ரெண்டு அணில அலையன்ஸ் பக்கம்தான், அது முடிவாயிட்டு. மச்சான் ஷார்ஜால இருந்து காயம் ஆத்துற ப்ரீஸ்ட் ஆடுதாரு. சித்தப்பா பையன் சென்னைல, அவன் மந்திரம் போடுற மேஜ். தென்காசில கூடப் படிச்சவன் வேட்டைக்கார ஹண்டர். மூணு பேரும் தூரத்துல நின்னு அடிக்கிறவங்க. முன்னால நின்னு அடி வாங்க ஆளில்லை, அதனால நீதான் கிட்டத்துல போய் அடிக்கிற ஆளு எடுக்கணும்னு சொல்லிட்டாவ. எனக்கும் அதுல ஆசைதான்.

என் நெலமையைச் சொல்லுதேன். வண்ணாரப்பேட்டைல செல்போன் சர்வீஸ் கடை. கடை சாத்தி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, உக்கார ராத்திரி பத்தாயிரும். பன்னெண்டு வரைக்கும் ஆடலாம். ரெண்டு வயசுல பொம்பளப் பிள்ளை. நடுவுல எந்திரிச்சு அழுதான்னா அந்த நிமிஷமே போட்டது போட்டபடி போகணும். சனிக்கிழமை மட்டும்தான் நாலு பேரும் சேருவோம், மத்த நாளெல்லாம் தனியா. பிங் (சர்வருக்குப் போய் வர ஆகுற மில்லிசெகண்ட்) 200க்குக் கீழ எறங்காது.

தொழில்ல ரெண்டு எடுக்கலாம்னு சொல்லுதாவ. நாள் பூரா சாலிடரிங் அயர்ன் பிடிக்கிற கை என்னோடது. விளையாட்டுலயும் எதையாவது செஞ்சு நாலு பேருக்குக் குடுக்கணும்னு ரொம்ப ஆசை. வாரியரா ரோக்கான்னுதான் யோசனை. வாரியரும் கொல்லன் வேலையான பிளாக்ஸ்மித்திங்கும் எடுத்தா சரியா இருக்குமா?

பொதிகை_டேங்க் எழுதியது:

தம்பி, 2019 ஆகஸ்டுல கிளாசிக் திறந்ததுல இருந்து நான் வாரியர்தான். வேற எதையும் தொட்டதில்லை. அப்படியிருந்தும் கண்ணை மூடிட்டு வாரியர் எடுங்கன்னு சொல்ல மாட்டேன். வாரத்துல ஆறு ராத்திரி தனியா ஆடப் போறீய, அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

வாரியருக்கு ரேஜ்ங்கற சக்தி உண்டு, அதை வச்சுத்தான் அடிக்கணும். பெரும்பாலும் அடிச்சாலோ அடிபட்டாலோதான் ஏறும், சண்டை முடிஞ்சா தானா வடிஞ்சிரும். தன் காயத்தைத் தானே ஆத்திக்க ஒண்ணும் கிடையாது. உங்க லெவல்ல ரெண்டு மிருகம் சேந்து வந்துட்டா பாடு பெரும்பாடு. சண்டைக்குச் சண்டை உக்காந்து ரொட்டி திங்கணும். சித்தப்பா பையன் மேஜ் ரொட்டியும் தண்ணியும் வரவழைச்சுத் தருவான், ஆனா நீங்க விளையாட்டை விட்டு வெளிய போய் 15 நிமிஷம் ஆச்சுன்னா அது மறைஞ்சிரும். சனிக்கிழமை வாங்கினதைத் திங்கக்கிழமைக்கு வச்சுக்க முடியாது. அதனால ஃபர்ஸ்ட் எய்டு கட்டாயம் கத்துக்கிடுங்க. அது அந்த ரெண்டு தொழில் கணக்குல வராது.

அப்படியும் வாரியர்தான்னா ஆயுதத்தை மட்டும் கவனிங்க, மத்த சாமான் எல்லாம் பொறவு. டிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை டேமேஜ்ங்கற கணக்கு) ஒண்ணா இருக்கிற ரெண்டு ஆயுதம் கெடைச்சா வேகம் 3.5ன்னு (ஒரு வீச்சுக்கு அத்தனை விநாடி) போட்டிருக்கிற ரெண்டு கை ஆயுதத்தை எடுங்க, வேகமா வீசுறதை விட்டுருங்க. ஓவர்பவர் மாதிரி உடனடி அடியெல்லாம் ஒரு வீச்சோட டேமேஜைத்தான் கணக்குல எடுக்கும், அதனால ஒவ்வொரு வீச்சும் கனமா இருக்கணும். லெவல் 20ல ரெண்டு கையிலயும் ரெண்டு வாள் பிடிக்கக் கத்துக் குடுப்பாவ. பாக்க நல்லாத்தான் இருக்கும், வேண்டாம். ஒத்த ஆயுதத்துல சாதாரண வீச்சு 5 சதவீதம் தவறும், ரெண்டு பிடிச்சா 24 சதவீதம் தவறும். லெவல் 30ல வேர்ல்விண்ட் கோடரிக்கு ஒரு குவெஸ்ட் (முடிச்சா பரிசு கெடைக்கிற வேலை) வரும். கோடரி வேண்டாம்னா வாளோ சம்மட்டியோ கேட்டு வாங்கலாம். கடைசில வர்ற சைக்ளோனியன்ங்கற எதிரியைத் தனியாளா அடிக்க முடியாது, அதைச் சனிக்கிழமைக்கு வச்சுக்கிடுங்க. அந்த ஆயுதம் கையில வந்த பொறவு ரொம்ப நாளைக்கு வேற தேட வேண்டாம்.

பிள்ளை அழுதான்னா, டஞ்சன்ல (கூட்டமாச் சேந்து போற இடம்) டேங்க் (முன்னால நின்னு அடி வாங்குறவர்) ஆட்டத்தை நிறுத்திட்டா எல்லாரும் நிக்கணும். அவிய உங்க ஆட்கள், நிப்பாவ. வெளியாட்களோட போகாதீய.

சாரல்_ரோக் எழுதியது:

பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. அதனாலதான் ரோக் எடுங்கன்னு சொல்லுதேன். எனக்கும் வீட்டுல கைக்குழந்தை இருந்த சமயத்துலதான் ஆட ஆரம்பிச்சேன். சத்திரத்துலயோ ஊருக்குள்ளயோ இல்லைன்னா விளையாட்டை விட்டு வெளியேற 20 விநாடி ஆகும், சண்டைக்கு நடுவுல வெளியேறவே முடியாது. ரோக் முதல் லெவல்லயே ஸ்டெல்த் போட்டு மறைஞ்சு நிக்கும். சத்தம் கேட்டதும் ஒரு பட்டனை அமுக்கிட்டு எந்திரிச்சுப் போயிரலாம். சண்டை நடக்கும்போதே அழுதாலும் லெவல் 22க்கு மேல சட்டுன்னு மறைஞ்சு தப்பிக்கிற வேனிஷ் இருக்கு.

பிங் விஷயம் மட்டும் முக்கியம். குத்துவாள் எடுத்து முதுகுல குத்துற பேக்ஸ்டாப் பக்கம் போகாதீய. 200 பிங்ல உங்க திரையில அவன் முதுகு தெரியும், சர்வர் கணக்குல அவன் திரும்பி நிப்பான். "பின்னால நிக்கணும்"னு செவப்பு எழுத்து வந்துக்கிட்டே இருக்கும். மனுஷ இனத்துல ரோக் எடுத்து வாள் பிடிங்க, அந்த இனத்துக்கு வாள் திறமை 5 கூடுதல். சினிஸ்டர் ஸ்ட்ரைக்ங்கற அடிக்கு எந்தப் பக்கம் நின்னாலும் சரி.

வாகை_பட்டறை எழுதியது:

தொழிலைப் பத்தி யாரும் சரியாப் பேசலை, அதனால எழுதுதேன். அம்பாசமுத்திரம் பக்கம் குத்துவிளக்கு வார்க்கிற பட்டறைல வளந்தவன் நான். விளையாட்டுல பிளாக்ஸ்மித் திறமையை 300 வரைக்கும் ஏத்தி முடிச்சவன். அந்தத் தொழில் மேல எனக்கு இருக்கிற பிரியம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒண்ணு சொல்லணும்: விளையாட்டுல செம்பு ஒண்ணு, வெள்ளீயம் ஒண்ணு உருக்கினா வெண்கலம் ரெண்டு வரும். எங்க ஊருல மணி வார்க்க செம்பு நாலு பங்குன்னா வெள்ளீயம் ஒரு பங்குதான் போடுவோம். பாதிக்குப் பாதி போட்டா மண்சட்டி மாதிரி உடைஞ்சு போகும். ஆனா மத்த முறையெல்லாம் பாக்க அழகா இருக்கும். இரும்போட நிலக்கரி சேந்து எஃகாகும், உலைக்களம் பக்கத்துல நின்னாத்தான் உருக்க முடியும், சம்மட்டி பையில இல்லைன்னா வேலை நடக்காது. செஞ்ச வாளை ஒருத்தன் வாங்கிப் பாத்தான்னா அதுல செஞ்சவன் பேரு எழுதியிருக்கும். என் பேரு போட்ட கவசத்தை முன்பின் தெரியாத ஒருத்தன் போட்டுக்கிட்டுப் போனதைப் பாத்து நின்னிருக்கேன். அந்தச் சந்தோஷத்துக்காகவே கத்துக்கலாம்.

ஆனா தம்பி, உங்க கூட்டத்தை யோசிச்சுப் பாருங்க. ப்ரீஸ்டும் மேஜும் துணிதான் போட முடியும். ஹண்டர் லெவல் 40 வரைக்கும் தோல். நீங்க இரும்புல எது செஞ்சாலும் போட்டுக்க அவியள்ல ஆள் கிடையாது. நாலு பேருக்குக் குடுக்கணும்னு ஆசைப்படுதீய, அந்த ஆசைக்குத் தோல்ல உடுப்பு செய்ற லெதர்வொர்க்கிங்தான் சரி. ரோக் எடுத்தா உங்களுக்கும் தோல்தான் உடுப்பு, ஹண்டருக்கும் ஆகும். ஆரம்பத்துலயே செய்யக் கத்துக் குடுக்கிற லைட் ஆர்மர் கிட்டைத் துணிச் சட்டையிலகூடத் தைக்கலாம், ஆர்மர் 8 கூடும். மச்சானுக்கு மொத நாளே தைச்சுக் குடுக்கலாமே.

சாலிடரிங் கைக்கு இன்ஜினியரிங்கும் பிடிக்கும். இரும்புக் குண்டு எறிஞ்சா எதிரி 3 விநாடி அசைய மாட்டான், கிட்டத்துல நின்னு அடிக்கிறவனுக்கு அது பெரிய விஷயம். ஆனா அதுல செய்யறதுல பாதிக்கு மேல இன்ஜினியர் தவிர வேற ஆள் பயன்படுத்த முடியாது. விக்கவும் முடியாது, குடுக்கவும் முடியாது.

எது எடுத்தாலும் முதல்ல மைனிங்கும் (உலோகம் தோண்டுறது) ஸ்கின்னிங்கும் (தோல் உரிக்கிறது) வச்சுக்கிட்டு, கெடைக்கிறதை ஏலக்கடைல போட்டு லெவல் 40 குதிரைக்குக் காசு சேருங்க. சுமார் 100 தங்கம் ஆகும், சும்மா சேராது. மைனிங்கோட மூலிகை பறிக்கிற தொழிலைச் சேக்காதீய. சின்ன வரைபடத்துல ஒரு சமயம் ஒண்ணைத்தான் தேட முடியும், ரெண்டுக்கும் மாத்தி மாத்தி அமுக்கியே நேரம் போயிரும். தோல் உரிக்க அந்தத் தேடலே வேண்டாம், எப்படியும் மிருகத்தை அடிக்கத்தான் போறீய. ஒரு தொழிலை விட்டா அதுல சேத்த திறமை அத்தனையும் போயிரும்ங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

சேரன்மாதேவி_சம்மட்டி எழுதியது:

கிட்டத்துல நின்னு அடிச்சுக் காயமும் ஆத்துற பாலடினை ஒருத்தரும் சொல்லலையே. நீங்க அலையன்ஸ்தான? கிளாசிக்ல பாலடின் அலையன்ஸுக்கு மட்டுந்தான் உண்டு. சீல்ங்கற மந்திரம் ஒண்ணைப் போட்டா 30 விநாடி நிக்கும், பத்து விநாடிக்கு ஒருக்க ஜட்ஜ்மெண்ட்ங்கற அடி, மத்தபடி ஆயுதம் தானா வீசும். 200 பிங் இதுக்கு ஒரு பொருட்டே இல்லை. காயத்தைத் தானே ஆத்திக்கலாம். லெவல் 40ல குதிரை பயிற்சியாளர்கிட்டயே கிட்டத்தட்ட இலவசம்.

லெவல் 20க்கு மேல வெரிகன்ஸ் ஃபிஸ்ட்னு ரெண்டு கைச் சம்மட்டிக்கு ஒரு குவெஸ்ட் உண்டு. டெட்மைன்ஸ்ங்கற டஞ்சன்ல இருந்து மரம், ஷேடோஃபாங் கீப்ங்கற டஞ்சன்ல இருந்து சுத்தியல், இன்னும் ரெண்டு சாமான் கொண்டு போய் அயர்ன்ஃபோர்ஜ் நகர வாசல்ல இருக்கிற கொல்லன்கிட்ட குடுத்தா அடிச்சுத் தருவாரு. செய்யறதுல ஆசை இருக்கிறவருக்கு அந்த அலைச்சலே பிடிக்கும்.

பாளை_இரவுக்கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாகை அண்ணாச்சி சொன்ன மாதிரி யாருக்கு எது போட முடியும்னு நான் நினைச்சுப் பாக்கவே இல்லை. ராத்திரி மச்சான்கிட்டப் பேசினேன். பாலடினே எடுத்துக்கிடுதேன். தொழிலு ஸ்கின்னிங்கும் லெதர்வொர்க்கிங்கும். குதிரைக்குக் காசு சேக்க வேண்டிய தேவை இல்லைங்கறதால மைனிங்கை விட்டுட்டு இப்பவே செய்ய ஆரம்பிச்சிரலாம்லா? சனிக்கிழமை டெட்மைன்ஸ்ல பாலடின் முன்னால நின்னா தாங்குமா?

பொதிகை_டேங்க் எழுதியது:

தாங்கும் தம்பி. தொழிலும் அப்படியே செய்யுங்க. லெவல் 16ல எதிரியை உங்க மேலயே நிறுத்தி வைக்க உதவுற ரைச்சியஸ் ஃபியூரி வரும், அதைக் கத்துக்கிட்டு உள்ள போங்க, மறக்காம போட்டே வைங்க. பாலடினுக்கு டாண்ட் (எதிரியைத் தன் பக்கம் திருப்புற வித்தை) கிடையாது, உங்களை விட்டு மத்தவங்க மேல பாயப் போன மிருகத்தைத் திருப்பி இழுக்க முடியாது. அதனால மச்சான்கிட்டச் சொல்லி வைங்க, நீங்க ரெண்டு மூணு அடி போட்ட பொறவுதான் ஹீல் (காயம் ஆத்துறது), இல்லைன்னா மிருகம் அவர் மேல போயிரும். மேஜ் தம்பியும் அதே மாதிரி நிதானமா ஆரம்பிக்கணும். தென்காசிக்காரர் உள்ள போகும்போதே வளர்ப்பு மிருகத்தோட குரோல்ங்கற உறுமலை அணைச்சிரணும், அணைக்கலைன்னா அது உங்ககிட்ட இருந்து எல்லாத்தையும் பிடுங்கிரும். கேடயமும் ஒரு கை ஆயுதமும் பையில இருக்கட்டும், ரெண்டு கைச் சம்மட்டியோட டேங்க் பண்ணாதீய.