பால் பைத்தான் குட்டி சாப்பிடவே இல்லை, தொட்டி அமைப்பில் என்ன கோளாறு?

செம்பருத்தி (பிராம்ப்டன், கனடா)

வணக்கம். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ரொம்ப நாளாகக் காசு சேர்த்து, போன மாதம் ஒரு பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு வகை) குட்டி வாங்கினான். எடை 92 கிராம். வந்த நாளிலிருந்து ஒரு எலிக்குஞ்சைக்கூடத் தொடவில்லை. பகலெல்லாம் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது. ராத்திரியானால் கண்ணாடியோரமாகச் சுற்றிச் சுற்றி வந்து, மேலே இருக்கும் கம்பி வலையில் மூக்கைத் தேய்க்கிறது. போன வாரம் சட்டை உரித்தது, அதுவும் துண்டு துண்டாகத்தான் வந்தது. வால் நுனியில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் அமைப்பு இதுதான்: 40 கேலன் கண்ணாடித் தொட்டி, மேலே முழுக்கக் கம்பி வலை மூடி. ஒரு பக்கம் அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), அதற்கு மேலே 75 வாட் சிவப்பு பல்பு. கீழே தேங்காய் மட்டைத் துண்டுகளை நான்கு விரல் உயரத்துக்குப் போட்டிருக்கிறோம். குளிர்ந்த பக்கத்தில் இரண்டு முனையும் திறந்த ஒரு மரக்குடைவு, ஒரு தண்ணீர்க் கிண்ணம். கண்ணாடியில் ஒட்டிய வட்ட மீட்டர் 27 டிகிரி காட்டுகிறது. தொட்டி ரொம்பப் பெரிதாகிவிட்டதோ என்று மகன் பயப்படுகிறான். பிள்ளை ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்புற்று

அக்கா, குட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கே சிலதைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஒட்டு மீட்டரை மறந்துவிடுங்கள். அது பாதி உயரத்தில், கண்ணாடியோரக் காற்றைத்தான் அளக்கிறது. பாம்பு இருப்பது தரையில்.

ஒரு டிஜிட்டல் வெப்ப-ஈரப்பத மீட்டரும், பொத்தானை அமுக்கினால் பரப்பின் சூட்டைக் காட்டும் டெம்ப் கன்னும் வாங்குங்கள். நான்கு அளவு வேண்டும்: சூடான பக்கத் துண்டுகளின் மேற்பரப்பு, அதே இடத்தில் துண்டுகளை விலக்கிவிட்டு அடிக்கண்ணாடி, பாம்பு படுத்திருக்கும் இடம், ஈரப்பதம். ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவைத் தாண்டாமல் கட்டுப்படுத்தும் கருவி, இருக்கிறதா?

ஆமைவீடு

தொட்டியை எடுத்து வைத்துவிட்டு ஒரு 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் துளைகள், தரையில் பேப்பர் டவல், இரண்டு பதுங்கிடம், ஒரு கிண்ணம், அடியில் மூன்றில் ஒரு பங்குக்குத் தெர்மோஸ்டாட் போட்ட மேட். ஈரம் நிற்கும், சுத்தம் செய்வதும் சுலபம். என் குட்டிகள் எல்லாம் அப்படித்தான் சாப்பிடப் பழகின. மூடிக்குக் கிளிப் கட்டாயம். தலை நுழையும் இடுக்கு இருந்தால் உடம்பும் போய்விடும்.

செம்பருத்தி

அளந்தோம். துண்டுகளின் மேற்பரப்பு 28. விலக்கிப் பார்த்தால் அடிக்கண்ணாடி 46! பாம்பு படுக்கும் மூலை 22. ஈரப்பதம் 28 சதவீதம். தெர்மோஸ்டாட் இல்லை, மேட்டை நேராகப் பிளக்கில்தான் செருகியிருக்கிறோம். வீட்டு ஹீட்டர் 21-இல் ஓடுகிறது.

மண்புற்று

மேட்டின் பிளக்கை இப்போதே பிடுங்குங்கள். பிறகு குட்டியை மெதுவாகத் தூக்கி வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். சிவந்தோ, நிறம் மாறியோ, செதில் கொப்பளித்தோ இருந்தால் அது தீப்புண். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும்.

நடந்தது என்னவென்றால், மேட் தரும் சூட்டை நான்கு விரல் மட்டைத் துண்டுகள் மேலே ஏற விடாமல் கம்பளிபோல் அடக்கி வைக்கின்றன. மேலே கைவைத்தால் இதமாக இருக்கும், அடியில் கண்ணாடி கொதிக்கும். பால் பைத்தான் மண்ணுக்குள் நுழையும் இனம். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிப்பது. இதமான இடம் தேடித் தோண்டிப் போனால் நேராக அந்த 46 டிகிரியில் போய்ப் படுக்கும். சுட்டால் தானே விலகிவிடும் என்று நம்பக் கூடாது. கீழ்ச்சூட்டில் அசையாமல் படுத்தே வெந்துபோன பாம்புகள் உண்டு.

சாப்பிடாததற்குக் காரணமும் உங்கள் அளவிலேயே இருக்கிறது. இருக்கும் ஒரே மறைவு 22 டிகிரியில். அந்தக் குளிரில் பாம்புக்கு இரை செரிக்காது, விழுங்கினாலும் கக்கிவிடும். சூடு வேண்டுமென்றால் மறைவை விட்டு வெட்டவெளிக்கு வர வேண்டும். சூடா, மறைவா என்று பாம்பு ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை இருக்கவே கூடாது. குட்டி எப்போதும் மறைவைத்தான் எடுக்கும், குளிரிலேயே கிடக்கும்.

தொட்டியின் அளவு குற்றம் இல்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள். வெறுமைதான் குற்றம். ஆமைவீடு சொல்லும் பெட்டியும் நன்றாக வேலை செய்யும், ஆனால் சில மாதத்தில் மறுபடி மாற்ற வேண்டி வரும். இந்தத் தொட்டியையே சரி செய்யலாம் என்பது என் கருத்து.

மேட் வேண்டாம், சிவப்பு பல்பும் வேண்டாம். சிவப்பு வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது என்பது பழைய நம்பிக்கை, ராத்திரி அதற்கு இருட்டுதான் தேவை. வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் 100 வாட் செராமிக் ஹீட் எமிட்டர் ஒன்று வாங்கி, பீங்கான் ஹோல்டரில் போட்டு, வலைக்கு மேலே ஒரு ஓரமாக வையுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அதன் சென்சாரைச் சூடான பதுங்கிடத்தின் பக்கத்தில், பாம்பின் உயரத்தில், நகராதபடி கட்டுங்கள். அது நழுவிக் குளிர்ந்த பக்கம் விழுந்தால் ஹீட்டர் நிற்காமல் எரியும். செலோடேப் மட்டும் உள்ளே வேண்டாம். செதிலில் ஒட்டினால் தோலோடு வரும்.

சூடான பதுங்கிடத்துக்குள் 31-32, குளிர்ந்த பக்கம் 25-26, ராத்திரி எந்த இடமும் 24-க்குக் கீழே போகாமல். இவ்வளவு போதும்.

பதுங்கிடம் இரண்டு, ஒரே மாதிரி, பக்கத்துக்கு ஒன்று. மரக்குடைவு இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் அதற்கு அது மறைவே இல்லை. ஒரே ஒரு வாசல், சுருண்டு படுத்தால் முதுகும் விலாவும் சுவரில் முட்ட வேண்டும், அவ்வளவு நெருக்கம். சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை உரசி மழுக்கினாலே போதும். நடுவில் பிளாஸ்டிக் இலைக்கொடி, காய்ந்த கிளை, கசக்கிய காகிதம் என்று ஏதாவது அடைத்துவிடுங்கள். ஒரு பதுங்கிடத்திலிருந்து மற்றதற்கு ஒளிந்தபடியே போக வழி இருக்க வேண்டும்.

ஈரம்: வலை மூடியில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள், ஹீட்டரைச் சுற்றி மட்டும் விட்டுவிடுங்கள். கனடாக் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும், மேலே திறந்த தொட்டியில் ஈரம் நிற்காது. மேட் போய்விட்டதால் மட்டைத் துண்டுகளைத் தடிமனாகவே வைத்துக்கொள்ளலாம். நான்கு மூலையிலும் தண்ணீரை ஊற்றுங்கள், அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்கட்டும். மேலே தெளித்துக்கொண்டே இருந்தால் வயிற்றுச் செதில் அழுகும். 60-70 சதவீதம் வந்தால் அடுத்த சட்டை ஒரே உறையாகக் கழலும்.

ஆமைவீடு

மண்புற்று அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், தொட்டியை இவ்வளவு அடைத்தால் பெட்டி தேவையில்லை. வால் நுனியை உடனே கவனியுங்கள் அக்கா. பழைய சட்டை வளையம்போல் இறுகினால் ரத்தம் ஓடாமல் நுனி செத்துவிடும். வெதுவெதுப்பான ஈரத்துண்டு போட்ட, காற்றுத்துளை உள்ள டப்பாவில் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து விடுங்கள். துண்டுக்குள் ஊர்ந்தாலே பெரும்பாலும் கழன்றுவிடும். கண் மேல் ஒட்டியிருந்தால் மட்டும் நகத்தாலோ இடுக்கியாலோ தொடவே வேண்டாம்.

மாடப்புறா (சென்னை)

இங்கே படித்துவிட்டு எனக்கும் ஆசை. நம் ஊரில் வளர்க்கலாமா?

மண்புற்று

நம் ஊர்ப் பாம்பு எதையும், சாரை, மண்ணுளி உட்பட, வீட்டில் வைத்திருக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், சைட்டிஸ் (CITES) என்ற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு, அதை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். அந்தக் குட்டி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

செம்பருத்தி

எல்லாம் மாற்றிவிட்டோம். வயிற்றில் புண் இல்லை, வால் நுனியும் கழன்றது. இப்போது சூடான பதுங்கிடம் 31, ஈரப்பதம் 64. இரண்டு டப்பாவிலும் மாறி மாறிப் படுக்கிறது, மூக்குத் தேய்ப்பது நின்றுவிட்டது. இன்றைக்கே இரை கொடுத்துப் பார்க்கலாமா?

மண்புற்று

நல்ல செய்தி அக்கா. இன்றைக்கு வேண்டாம். ஒரு வாரம் யாரும் தூக்காமல் விடுங்கள், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். முன்பக்கக் கண்ணாடியைத் துணியால் மூடினால் இன்னும் நல்லது.

பிறகு ஒரு மாலை, விளக்கை அணைத்துவிட்டு, 10 கிராம் அளவில் உறைந்த எலிக்குஞ்சு ஒன்றை எடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முதலில் முழுக்க உருகவிட்டு, பிறகு சுடுதண்ணீரில் வைத்து உடல்சூடு வரச் செய்யுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். உதட்டோரக் குழிகளால்தான் இது இரையின் சூட்டை உணரும், அதனால் தலைப்பக்கம் நன்றாகச் சூடாக இருக்கட்டும். நீள இடுக்கியில் பிடித்துப் பதுங்கிட வாசலில் லேசாக அசையுங்கள். எடுக்காவிட்டால் வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுங்கள். காலையில் மிச்சமிருந்தால் எறிந்துவிட்டு, இன்னொரு வாரம் கழித்துத்தான் மறுபடி. தினமும் நீட்டினால் மிரண்டு இன்னும் தள்ளிப்போடும். சாப்பிட்டால் இரண்டு நாள் தொட வேண்டாம்.

வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைத் தம்பி எழுதி வைக்கட்டும். 83 கிராமுக்குக் கீழே வந்தாலோ, மூச்சில் விசில் சத்தம், வாயில் நுரை, வாயைத் திறந்தே வைத்திருப்பது என்று எதைக் கண்டாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தொட்டியைத் தொட்ட பிறகு எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றிடம் சாதாரணம். அந்தக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.